அண்ணன் அட்வான்ஸ் வாங்கிய பூமிக்குத் தடை உத்தரவு வாங்குவது எப்படி

கேள்வி: காங்கயம் பக்கம் எங்க அப்பா பேர்ல 4 ஏக்கர் 20 சென்ட் பூமி இருக்குதுங்க, பாதி தோட்டம், பாதி கொறங்காடு. அப்பா தவறி ரெண்டு வருசம் ஆச்சு, உயில் இல்லை. அம்மா, அண்ணன், அக்கா, கல்யாணமாகிக் கோவையில இருக்கிற நான்னு நாலு பேரு. இன்னும் பாகம் பிரிக்கலை. அண்ணன் பட்டாவைத் தன் பேருக்கு மாத்திட்டு, திருப்பூர்க்காரர் ஒருத்தர்கிட்ட அட்வான்ஸும் வாங்கிட்டார். ஆடி முடிஞ்சதும் ஆவணி முதல் முகூர்த்தத்துல கிரயம்னு பேச்சு. கோர்ட்டுல ஸ்டே வாங்கி நிறுத்த முடியுமாங்க?

பதில்:

முடியுமுங்க. ஆனால் ஸ்டேவுக்கென்று தனி மனு கிடையாது. முதலில் அசல் வழக்கு ஒன்று தாக்கலாக வேண்டும். அதற்குள் ஓர் இடைமனுவாக, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 39, ரூல் 1, 2-இன் கீழ் இடைக்காலத் தடை கேட்க வேண்டும். உங்களுக்கு அந்த அசல் வழக்கு பாகப்பிரிவினை வழக்கு. "விற்கக் கூடாது" என்று மட்டும் கேட்டு வெறும் தடை வழக்குப் போட்டால், உரிமையே தகராறில் இருக்கும்போது இது நிற்காது என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே பிடித்துக்கொள்ளும். செலவு குறைவு என்று இந்த வழியைச் சொல்பவர்கள் உண்டு, வேண்டாம்.

எல்லாரும் ஸ்டே கிடைக்கும் நாளையே எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதைவிடப் பெரிய நாள் வழக்கு தாக்கலாகும் நாள். சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 52-இன்படி, வழக்கு நடக்கும்போது வழக்குச் சொத்தை யார் வாங்கினாலும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுத்தான் வாங்குகிறார். நீதிபதி உத்தரவு போட்டிருக்கத் தேவையில்லை, எதிரிக்குச் சம்மன் போயிருக்கவும் தேவையில்லை. வழக்குரை நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்ட தேதியிலிருந்து இந்தப் பாதுகாப்பு ஓடத் தொடங்குகிறது. அதனால் ஆவணி பிறக்கட்டும், வாரிசுச் சான்று வரட்டும், மாமா வந்து பேசட்டும் என்று ஒரு நாளும் தள்ளக் கூடாது. வாரிசுச் சான்று கையில் இல்லாமலும் வழக்குப் போடலாம். அப்பாவின் இறப்புச் சான்று, குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் முதல் கட்டத்துக்குப் போதும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பதிவுச் சட்டம் பிரிவு 47-இன்படி, பதிவான பத்திரம் பதிவு நாளிலிருந்து அல்ல, எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்தே செல்லும். எழுதிய பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க நான்கு மாதம் அவகாசமும் உண்டு. அதாவது இன்றைக்கே பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துவிட்டு ஆவணியில் பதிந்தால், "வழக்குக்கு முந்தியே கிரயம் ஆகிவிட்டது" என்று வாதாட வழி இருக்கிறது. ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சும்மா இருக்காதீர்கள்.

அப்படி முந்திக்கொண்டாலும் உங்கள் பங்கு போய்விடாது. கூட்டுச் சொத்தில் ஒருவர் தனக்குள்ள பங்கை மட்டுமே விற்க முடியும். வாங்கியவர் அந்த இடத்தில் வந்து நிற்பார், அவ்வளவுதான். பட்டாவைப் பார்த்து மிரளவும் வேண்டாம். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அதில் பெயர் ஏறியதால் அண்ணன் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

பிறகு ஸ்டே எதற்கு? வாங்கியவர் பொழியை (எல்லை வரப்பை)த் தட்டி, கிளுவை வேலியைப் பிடுங்கி, தென்னையை வெட்டி, சைட் போட்டு இருபது பேருக்கு விற்றுவிட்டால், தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தாலும் இருபது பேரோடு மல்லுக்கட்ட வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் சொல்லப் போகும் வாதம் இது: "பிரிவு 52 இருக்கிறதே, இவருக்கு என்ன நஷ்டம்?" இதற்கு உச்ச நீதிமன்றத்தின் 2004 மகர்வால் கேவாஜி டிரஸ்ட் தீர்ப்பை உங்கள் வக்கீல் கையில் வைத்திருக்கட்டும். ஈடுசெய்ய முடியாத நஷ்டம் வரும் என்று காட்டினாலன்றி, வழக்கு நடக்கும்போது சொத்தின் தன்மையை மாற்றவோ கைமாற்றவோ விடக் கூடாது என்று அதில் சொல்லியிருக்கிறது.

இனி உங்கள் பங்கு. அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பூமி என்றால் நாலு பேருக்கும் ஆளுக்கு நாலில் ஒன்று. பாட்டன் வழி வந்த பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு மாறும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் பிறப்பிலேயே பங்குதாரர். 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியானால் அப்பாவோடு சேர்த்து முதலில் நாலு பங்கு, பிறகு அப்பா பங்கு மட்டும் நாலு வாரிசுகளுக்கும். முடிவில் அம்மாவுக்கு 16-இல் 1, பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கு 16-இல் 5. பூர்வீகமா, சுயார்ஜிதமா என்பது மூலப்பத்திரத்தைப் பார்த்தால்தான் தெரியும். பத்திரம் அண்ணனிடம் இருக்கிறது என்பதற்காக நின்றுவிட வேண்டாம். பதிவு எண் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் வழக்கின் அடித்தளமே வேறு. "நகை போட்டோம், சீர் செய்தோம், பங்கு தீர்ந்தது" என்று வீட்டில் பேசுவார்கள். நீங்கள் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதிப் பதிந்து கொடுக்காதவரை சட்டத்தில் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

பூமி எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் வழக்கு. நீங்கள் கோவையில் குடியிருந்தாலும் கோவையில் போட முடியாது. முன்சீப் கோர்ட்டா, சப் கோர்ட்டா, மாவட்ட நீதிமன்றமா என்பது வழக்கு மதிப்பைப் பொறுத்தது. அந்த மதிப்போடு ஒட்டி வருவது கோர்ட் பீஸ். இங்கே ஒரே ஒரு வாக்கியம் லட்சக்கணக்கில் செலவு வைக்கும். நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்று வழக்குரையில் இருந்தால், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் பிரிவு 37(2)-இன்படி சிறிய நிலையான கட்டணம். "என்னை அண்ணன் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க விடாமல் துரத்திவிட்டார்" என்று ஆத்திரத்தில் எழுதிவிட்டால் 37(1)-க்குள் போய், உங்கள் பங்கின் சந்தை மதிப்புக்கு 3 சதவீதம். பங்கு 40 லட்சம் என்று வைத்தால் 1,20,000 ரூபாய். கூட்டுச் சொத்தில் ஒருவர் அனுபவம் எல்லாருடைய அனுபவமும் என்பதே சட்டம். நீங்கள் கோவையில் இருப்பதால் அனுபவம் போய்விடாது. உண்மையிலேயே வெளியேற்றி, உரிமையை மறுத்து எழுத்தில் நோட்டீஸே கொடுத்திருந்தால் மறைக்கக் கூடாது. இல்லாததை எழுதிக் கட்டணத்தை ஏற்றிக்கொள்ளவும் கூடாது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் வக்கீலும் கிடைப்பார்.

அடுத்தது சொத்து விவரம். தடை உத்தரவு பல இடங்களில் செல்லாக் காசாகப் போவது இங்கேதான். உத்தரவு வழக்குச் சொத்துக்குத்தான். வழக்குச் சொத்து எது என்பதை வழக்குரையில் சேரும் சொத்து விவரப் பட்டியலான ஷெட்யூல்தான் சொல்லும். பதிவு அலுவலகத்தில் பார்ப்பது சர்வே எண், உட்பிரிவு எண். அப்பா பத்திரத்தில் "க.ச. 214/2 நெம்பர் புஞ்சை ஏக்கர் 4.20" என்று இருக்கும். அண்ணன் பட்டா மாற்றும்போது உட்பிரிவு செய்திருந்தால் இன்று அது 214/2ஏ, 214/2பி. பழைய எண்ணை மட்டும் போட்டு ஸ்டே வாங்கினால் 214/2பி-க்கு எழுதிய பத்திரம் தடையில்லாமல் பதிவாகிவிடும். அதனால் அப்பாவின் பத்திரத்தையும் இன்றைய சிட்டாவையும் புலப்பட நகலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு எண்களையும் எழுதச் சொல்லுங்கள். ஏக்கரோடு ஹெக்டேரும் வேண்டும், 4.20 ஏக்கர் என்பது 1.70.0 ஹெக்டேர்.

காங்கயம், தாராபுரம் பக்கத்துச் சொத்துகளுக்கு இன்னொரு சிக்கல். 1979 வரை கோயமுத்தூர் ஜில்லா, பிறகு பெரியார் மாவட்டம், அப்புறம் ஈரோடு, 2009 முதல் திருப்பூர் மாவட்டம். பாட்டன் பத்திரத்தில் ஒன்று, அப்பா பத்திரத்தில் ஒன்று, சிட்டாவில் ஒன்று இருக்கும். மூன்றும் ஒரே பூமிதான் என்று வழக்குரையில் ஒரு வரி இல்லாவிட்டால், செக்சனில் (நீதிமன்ற அலுவலகத்தில்) கேள்வி எழுப்பி வழக்கை ரிட்டர்ன் செய்வார்கள். இரண்டு நாள் போகும். செக்குபந்தியை (நான்கு பக்க எல்லைகளை) இன்றைய நிலவரப்படி எழுதுங்கள். வடக்கே இட்டேரி, கிழக்கே யார் பூமி என்பதில் அந்த ஆள் எப்போதோ விற்றுப் போயிருப்பார். இன்றைய ஆள் பெயரையும் சேருங்கள். கிணற்றுப் பங்கு, மோட்டார் பம்புசெட், மின் இணைப்பு எண், மாமூல் வண்டித்தட பாத்தியம், வாய்க்கால் தண்ணீர் முறை எல்லாம் ஷெட்யூலுக்குள் வர வேண்டும். பூமிக்குத் தடை இருக்கும்போது கிணற்றுப் பங்கையும் தடத்தையும் மட்டும் தனியாக எழுதிக் கொடுத்துவிட்டால், மிஞ்சுகிற காட்டை வைத்து என்ன செய்வீர்கள்?

அப்பா பேரில் வேறு வீடு, காலியிடம் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். ஒரு சொத்தை மட்டும் பாகம் கேட்டால் "பகுதிப் பாகப்பிரிவினை செல்லாது" என்ற எதிர்வாதத்தை நாமே கையில் கொடுத்தது போல ஆகும். அதேபோல அம்மாவும் அக்காவும் கட்டாயம் கட்சிக்காரர்கள். அக்கா உங்களோடு வாதியாக வரலாம். மனசில்லை என்றால் பிரதிவாதியாக நிற்கட்டும், அவர் பங்கு குறையாது. அம்மா அண்ணன் வீட்டிலேயே இருப்பதால் தயங்குவார்; அவரையும் பிரதிவாதியாகக் காட்டுவது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அட்வான்ஸ் கொடுத்த திருப்பூர்க்காரரை விட்டுவிடாதீர்கள். அவரும் பிரதிவாதியாக இருந்தால்தான் தடை அவரையும் கட்டும், "எனக்குத் தெரியாது, நல்லெண்ணத்தில் வாங்கினேன்" என்ற பேச்சும் அடிபடும். சார்பதிவாளரைச் சேர்க்கலாமா என்று பலர் கேட்பார்கள். தேவையில்லாமல் சேர்க்காதீர்கள். அரசு அதிகாரி மேல் வழக்கு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 80-இன்படி இரண்டு மாத நோட்டீஸ், இல்லாவிட்டால் அவசரத்துக்கு நீதிமன்ற அனுமதி. அனுமதி கிடைத்தாலும் அரசுத் தரப்பைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு வராது. பதினைந்து நாளில் கிரயம் என்று ஓடுகிறவருக்கு இது காலில் கட்டிய கல்.

இனி அவசரத்தை நிரூபிப்பது. "விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன்" என்று மட்டும் எழுதினால் நீதிபதி நோட்டீஸ் உத்தரவோடு நிறுத்திவிடுவார். முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தம் கட்டாயப் பதிவுக்கு உரியது. அண்ணன் ஒப்பந்தத்தைப் பதிந்திருந்தால் தேதியும் ஆவண எண்ணும் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். நகல் எடுத்தால் அட்வான்ஸ் தொகையும் கெடுவும் தெரியும். அதைவிட நல்ல சாட்சியம் கிடையாது. பதியாமல் வெள்ளைத் தாளிலோ முத்திரைத்தாளிலோ எழுதியிருந்தால் வேறு தடயம் தேட வேண்டும். வாங்குபவரின் வக்கீல் நாளிதழில் "ஆட்சேபணை இருந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவும்" என்று பொது அறிவிப்புக் கொடுப்பது வழக்கம். அந்தப் பக்கத்தை முழுசாக எடுத்து வையுங்கள், உடனே பதிவுத் தபாலில் (இப்போது பதிவு வசதியோடு கூடிய ஸ்பீட் போஸ்ட்) ஆட்சேபணையும் அனுப்புங்கள். சர்வேயர் வந்து கல் நட்ட படம், புரோக்கர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாம் உதவும். செல்போன் பதிவுகளுக்குப் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63 சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இடைமனுவோடு போகும் பிரமாண வாக்குமூலத்தில் மூன்று விஷயம் தனித்தனியாகத் தெரிய வேண்டும்: பார்த்த மாத்திரத்தில் வழக்கில் பொருள் இருக்கிறது, தடை கொடுக்காவிட்டால் உங்களுக்கு வரும் இடைஞ்சல் கொடுத்தால் அண்ணனுக்கு வருவதைவிடப் பெரிது, பணத்தால் ஈடுகட்ட முடியாத நஷ்டம் ஆகும். இதைச் சட்டப் புத்தக வார்த்தையில் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். "தோட்டத்தில் இத்தனை தென்னை காய்ப்பில் இருக்கிறது, அறுத்துச் சைட் போடக் கல் நட்டிருக்கிறார்கள், தை மாதம் வரை கிரயம் தள்ளிப் போனால் அண்ணனுக்கு நஷ்டம் எதுவும் இல்லை" என்று நிலத்தில் நின்று பேசினால் நீதிபதிக்குப் புரியும்.

பரிகாரப் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கட்டும் (1 அண்ணன், 2 வாங்குபவர்): "வழக்குச் சொத்தையோ அதன் எந்தப் பகுதியையோ 1, 2 எதிர்மனுதாரர்களும் அவர்களின் ஆட்களும் ஏஜெண்டுகளும் கிரயம், கிரய ஒப்பந்தம், அடமானம், தானம், குத்தகை, பவர் முதலான எவ்வகையிலும் மூன்றாம் நபருக்கு மாற்றவோ, சொத்தின் தன்மையை மாற்றவோ கூடாதென்று அசல் வழக்கு முடியும் வரை தடை விதித்தும், இம்மனு முடியும் வரை உடனடி இடைக்காலத் தடை விதித்தும் உத்தரவிட வேண்டுகிறேன்." பவர் என்ற சொல் விடுபட்டால் நாளைக்கே வேறொருவருக்குப் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்து அவர் கையால் வேலை நடக்கும். தன் பிரிபடாத பங்கை விற்க அண்ணனுக்கு உரிமை உண்டு என்று நீதிபதி தடையைச் சுருக்கக்கூடும். அதற்கு மாற்றாக, குறிப்பிட்ட பகுதியாகவோ தன் பங்குக்கு மேலாகவோ விற்கக் கூடாது என்று இன்னொரு வரியும் வைத்திருங்கள். முழுசும் கேட்டு ஒன்றும் கிடைக்காமல் வருவதைவிட அது மேல்.

வாக்குமூலத்தில் எதையும் மறைக்காதீர்கள். கல்யாணத்தின்போது ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா, பணம் வாங்கினீர்களா, முந்தி ஏதாவது வழக்கு உண்டா, எல்லாவற்றையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன செங்கல்வராய நாயுடு வழக்கு, தமிழ்நாட்டிலிருந்து போன பாகப்பிரிவினை வழக்குதான். தான் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்தை வாதி மறைத்தது தெரிந்து, அவர் வாங்கிய டிகிரியே செல்லாமல் போனது. எதிரியைக் கேட்காமல் வாங்கிய தடையில் வாதி தெரிந்தே பொய் சொன்னதாகத் தெரிந்தால் ஆர்டர் 39, ரூல் 4-இன்படி தடையை நீக்குவார்கள்; போதிய காரணமில்லாமல் வாங்கிய தடை என்றால் அதே உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 95-இல் 50,000 ரூபாய் வரை இழப்பீடும் வரலாம்.

தாக்கலுக்கு முன் ஒரு சங்கதி. விவரம் தெரிந்த அண்ணன் என்றால் முன்கூட்டியே கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டிருப்பார். அது 90 நாள் உயிரோடு இருக்கும். இருந்தால் அவருக்குத் தெரிவிக்காமல் உத்தரவு வராது. கேவியட் போட்டதைப் பதிவுத் தபாலில் உங்களுக்குத் தெரிவித்திருப்பார். அண்ணன் பேரில் வந்த தபால் என்று கோபத்தில் திருப்பி அனுப்பாதீர்கள், வாங்கிப் படியுங்கள்.

தாக்கலான அன்று செக்சனில் சரிபார்த்து நம்பர் ஆன பிறகுதான் நீதிபதி முன் போகும். அவர் கேட்கும் முதல் கேள்வி: "எப்போது தெரியும்?" மூன்று மாதம் முன்பே தெரிந்து இப்போது வந்திருந்தால் அவசரம் உங்களால் வந்ததாகிவிடும். பல நேரம் தடை கொடுக்காமல் நோட்டீஸ் உத்தரவிட்டு ஒரு வாரத்தில் வாய்தா வைப்பார்கள். மனம் உடைய வேண்டாம். குறுகிய வாய்தாவும் தனி நோட்டீஸ் அனுப்ப அனுமதியும் கேட்டு வாங்குங்கள். அன்றைக்கே அண்ணனுக்கும் வாங்குபவருக்கும் வழக்கு எண்ணோடு தபால் போகட்டும். வழக்கு எண்ணைப் பார்த்தாலே வாங்குபவரின் வக்கீல் பெரும்பாலும் கிரயத்தைத் தள்ளி வைக்கத்தான் சொல்வார். மே மாதத்தில் உரிமையியல் நீதிமன்றங்களுக்கு விடுமுறை. அப்போது அவசர மனுவுக்கு விடுமுறைக்கால நீதிபதியிடம் போக வேண்டும்.

எதிரியைக் கேட்காமல் தடை கிடைத்துவிட்டால் சந்தோஷத்தில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். ரூல் 3-இன்படி மனு, வாக்குமூலம், வழக்குரை, ஆவண நகல்கள் அத்தனையும் உடனே பதிவுத் தபாலில் எதிரிகளுக்குப் போக வேண்டும். அனுப்பிவிட்டேன் என்று ஒரு வாக்குமூலத்தை அன்றே அல்லது மறுநாளே நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நகல் கட்டுகளை முன்னாலேயே போட்டு, விலாசம் எழுதி வைத்திருந்தால்தான் இது நடக்கும். தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். தடையை உடைக்க வரும் வக்கீல் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். பேட்டா (அதற்கான கட்டணம்) கட்டி, கோர்ட் ஊழியரான அமீனா மூலமும் உத்தரவைச் சார்வு செய்யுங்கள் (நேரில் சேரச் செய்யுங்கள்). நாளைக்குத் தடையை மீறினார் என்று சொல்ல, உத்தரவு அவருக்குத் தெரியும் என்ற அத்தாட்சி வேண்டும்.

அதே கையோடு பதிவு அலுவலகம். உரிமை யாருக்கு என்று தீர்மானிப்பது சார்பதிவாளர் வேலை இல்லை. உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரலில் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் அதையே சொன்னது. ஆகவே கோர்ட் உத்தரவு இல்லாத வெறும் ஆட்சேபணை மனுவை நம்பிக்கொண்டிருக்க முடியாது. உத்தரவும்கூட நேராகக் கட்டுவது அண்ணனையும் வாங்குபவரையும்தான். ஆனாலும் சர்வே எண், உட்பிரிவு எண், எழுதிக் கொடுப்பவர் பெயர் மூன்றையும் மேல் கடிதத்தில் தெளிவாகப் போட்டு உத்தரவு நகலைக் கொடுத்தால், பதிவுக்கு வரும்போது கேள்வி வரும். நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். தனக்குக் கீழுள்ள சார்பதிவகத்தில் பதிய வேண்டிய பத்திரத்தை மாவட்டப் பதிவாளரும் பதியலாம் என்பதால் அங்கேயும் ஒரு நகல். சான்றிட்ட நகல் வரச் சில நாள் ஆகும். அதுவரை இ-கோர்ட்ஸ் தளத்தில் ஏறிய உத்தரவோடு வக்கீல் கடிதம் போகட்டும். முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் கொடுத்துக் கூட்டம் அலைமோதும். அன்று காலையில் போய் நிற்பதைவிட முந்தின வாரமே கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம் வருவது அண்ணனின் எதிருரை. எதிர்பார்க்க வேண்டியது வாய்மொழிப் பாகம், கூர்சீட்டு (பாகம் பிரித்ததாக எழுதிய சீட்டு), "அப்பா கடனை நான்தான் அடைத்தேன்". கூர்சீட்டு என்று நீட்டினால் முத்திரை இருக்கிறதா, பதிவு இருக்கிறதா என்று உங்கள் வக்கீல் முதலில் ஆட்சேபிக்க வேண்டும். எதிரியைக் கேட்காமல் கொடுத்த தடை மீது 30 நாளில் முடிவெடுக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்பது ரூல் 3ஏ. வாய்தா வாங்கி இழுத்தால் அதையே காட்டி அண்ணன் மேல்முறையீடு போக முடியும். 2000-இல் வெங்கடசுப்பையா நாயுடு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்துவிட்டது. நம் பக்கம் வாய்தா கேட்காமல் இருப்பதே நல்லது. உங்கள் மனு தள்ளுபடியானாலும் ஆர்டர் 43-இன்படி மேல்முறையீடு உண்டு. மாவட்டத்துக்குள் என்றால் 30 நாள்.

தடையை மீறிக் கிரயம் செய்தால் ரூல் 2ஏ மனு. சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை உரிமையியல் சிறை. 2012 விதுர் இம்பெக்ஸ் வழக்கில், தடையை மீறி வாங்கியவர்களை வழக்கில் கட்சிக்காரராகச் சேர்க்கவே உச்ச நீதிமன்றம் மறுத்தது. போலீஸ் ஸ்டேஷனில் நகலைக் கொடுத்தால் அவர்கள் கிரயத்தை நிறுத்துவார்கள் என்று நினைக்காதீர்கள். பத்திரப்பதிவு அவர்கள் கையில் இல்லை.

இதே கேள்வியை மறுபக்கமாக, அட்வான்ஸ் கொடுத்தவர்களும் கேட்பதுண்டு: ஒப்பந்தம் போட்டுவிட்டு உரிமையாளர் வேறொருவருக்கு விற்கப் பார்க்கிறார். அவர்களுக்கு அசல் வழக்கு ஏற்றதை ஆற்றுதல் வழக்கு, அதாவது ஒப்பந்தப்படி கிரயம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கும் வழக்கு. ஒப்பந்தம் பதியாமல் இருந்தாலும் அந்த வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023-இல் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கித் தொகையோடு தயாராக இருப்பதை வங்கிக் கணக்கால் காட்ட வேண்டும். கோர்ட்டில் கட்டவும் தயார் என்று மனுவில் எழுதினால் தடைக்குக் கனம் கூடும்.

கடைசியாக, பேச்சுவார்த்தை. பெரியவர்களை வைத்துப் பேசுவது தப்பில்லை, வழக்கு நம்பர் ஆன பிறகு பேசுங்கள். வாங்குபவருக்குப் பூமி வேண்டும் என்றால் உங்கள் கையெழுத்தும் அக்கா கையெழுத்தும் அவருக்குத் தேவைப்படும். நாலு பேரும் சேர்ந்து எழுதிக் கொடுத்து, அவரவர் பங்குப் பணம் அவரவர் வங்கிக் கணக்கில் நேராக விழும்படி லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக்கொள்ளலாம். அப்படிச் சமாதானமானால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது உண்டு என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கே தமிழ்நாட்டு வழக்குதான்.